ஓகி தீவுகளுக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்கு ஒருமுறை போய் டோக்கியோ, கியோட்டோ எல்லாம் பார்த்து முடித்தவர்கள் அடுத்த முறைக்கு என்னிடம் கேட்பது இதுதான்: "கூட்டம் இல்லாத ஒரு தீவு சொல்லுங்கள். கடற்கரை அழகாக இருக்க வேண்டும், மீன் அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும்." நான் சொல்லும் பெயர் ஓகி. சொன்னதும் வரிசையாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பல பதில்களில் காற்று வந்துபோகும். ஓகியில் கப்பல் வருமா, மீன்படகு கிளம்புமா, ராத்திரி தட்டில் என்ன இருக்கும் என்று மூன்றையும் முடிவு செய்வது காற்றுதான்.

ஓகி எங்கே இருக்கிறது? ஒகினாவாவைச் சொல்கிறீர்களா?

இல்லை, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒகினாவா தெற்கே, வெப்பமான கடலில் இருக்கிறது. ஓகி, ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷூவுக்கு வடமேற்கே, ஜப்பான் கடலில் இருக்கிறது. ஷிமானே மாநிலக் கரையிலிருந்து 40 முதல் 80 கிலோமீட்டர் தூரம். சின்னதும் பெரிதுமாக 180 தீவுகள் போல உண்டு. ஆட்கள் வசிப்பது நான்கில் மட்டும். 2020 கணக்கெடுப்பின்போது நான்கிலும் சேர்த்துச் சுமார் 19 ஆயிரம் பேர் இருந்தார்கள்.

இன்னொரு குழப்பமும் நடக்கிறது. ஃபுகுவோகா பக்கம் ஒகினோஷிமா என்று ஒரு புனிதத் தீவு இருக்கிறது. 2017ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே பொதுமக்கள் யாரும் இறங்க முடியாது. நம் ஓகியின் பெரிய தீவில் உள்ள ஊராட்சிக்கும் ஒகினோஷிமா என்றுதான் பெயர். அறை பதிவு செய்யும்போது ஷிமானே மாநிலமா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

நான்கு தீவுகளில் எதற்குப் போவது?

பெரிய தீவு டோகோ. வட்டமாக, காடும் மலையுமாகத் தனியே நிற்கும். அதற்குத் தென்மேற்கில் நிஷினோஷிமா, நகானோஷிமா, சிபுரிஜிமா என்ற மூன்றும் நெருங்கி இருக்கின்றன. இந்த மூன்றுக்கும் சேர்த்து டோஸென் என்று பெயர்.

டோஸென் மூன்றும் ஒரே எரிமலையின் மிச்சம். சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்து, நடுப்பகுதி உள்வாங்கி, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்துவிட்டது. விளிம்பு மட்டும் மூன்று தீவுகளாக மேலே நிற்கிறது. அதனால் உள்பக்கக் கடல் குளம் போல அமைதி, வெளிப்பக்கக் கடல் பாறையை அறுத்துத் தள்ளும் ஆவேசம். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். 2013 முதல் ஓகி உலகப் புவிப் பூங்காக்களில் ஒன்றாக இருப்பதற்கு இந்த நிலவியலும் ஒரு காரணம்.

முதல் முறை போகிறவருக்கு என் பரிந்துரை டோஸென். அதிலும் நிஷினோஷிமாவில் இரண்டு இரவு, நகானோஷிமாவில் ஒரு இரவு. மூன்றுக்கும் இடையே சின்னப் படகுகள் நாள் முழுக்க ஓடுகின்றன. சில நூறு யென்தான் கட்டணம், கால் மணி நேரத்துக்குள் அக்கரை. டோகோவையும் சேர்க்க வேண்டுமென்றால் ஐந்து நாளாவது ஒதுக்குங்கள். நான்கு தீவையும் மூன்று நாளில் முடித்துவிட்டு வருகிறேன் என்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்களுக்குக் கப்பல் நேரப்பட்டியல்தான் நினைவில் நிற்கும்.

எப்படிப் போவது?

முதலில் ஹொன்ஷூ கரைப் பக்கமுள்ள மட்ஸுவே அல்லது யோனாகோ நகருக்கு வர வேண்டும். ஒசாகா, ஹிரோஷிமா பக்கமிருந்து வருபவர்கள் புல்லட் ரயிலில் ஒகாயாமா வந்து, அங்கிருந்து யகுமோ விரைவு ரயிலைப் பிடிக்கலாம். ஒகாயாமாவிலிருந்து யோனாகோ இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். டோக்கியோவிலிருந்து சன்ரைஸ் இஸுமோ என்ற இரவு ரயில் நேராக யோனாகோ, மட்ஸுவே வழியாக வருகிறது. ஜப்பானில் அன்றாடம் ஓடும் படுக்கை ரயில்களில் இன்று மிச்சமிருப்பது இதுவும் இதோடு இணைந்து ஓடும் சன்ரைஸ் செட்டோவும்தான் என்பதால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அப்புறம் கப்பல். இங்கேதான் கவனம் வேண்டும். ஓகிக்குக் கப்பல் கிளம்பும் துறைமுகங்கள் இரண்டு: ஷிச்சிருய், சகாய்மினாட்டோ. எந்தப் பயணம் எந்தத் துறைமுகத்திலிருந்து என்பது நேரத்தைப் பொறுத்து மாறும். போகும்போது ஒன்று, திரும்பும்போது மற்றொன்று என்றும் அமையும். மட்ஸுவே ரயில் நிலையத்திலிருந்து ஷிச்சிருய்க்குப் பேருந்தில் 40 நிமிடம். சகாய்மினாட்டோவுக்கு யோனாகோவிலிருந்து சின்ன ரயில் இருக்கிறது. இறங்கினால் பக்கத்திலேயே கப்பல் முனையம். பேருந்து கப்பலுக்கு ஏற்ற நேரத்தில்தான் ஓடும். அதை விட்டால் டாக்ஸிதான், செலவு கடுமை.

ஃபெரியா, விரைவுப் படகா?

விரைவுப் படகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில் சேர்த்துவிடும். முன்பதிவு தேவை. இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும், வெளியே வந்து நிற்க முடியாது. ஜனவரி, பிப்ரவரியில் ஓடாது. அலை கொஞ்சம் உயர்ந்தாலும் முதலில் நிற்பது இதுதான்.

ஃபெரி டோகோவுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். டோஸென் தீவுகளுக்கு வழியில் எங்கெங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துக் கூடும். இரண்டாம் வகுப்பில் நாற்காலி கிடையாது. கம்பளம் விரித்த தரையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். தீவுக்காரர்கள் ஏறியதும் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுவார்கள். நீங்களும் படுங்கள். படுத்திருந்தால் தலைசுற்றல் பெரிதும் குறையும். வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும். அலையில் ஆட ஆரம்பித்த பிறகு போடுவது வீண்.

என் ஓட்டு ஃபெரிக்குத்தான். டோஸென் நெருங்கும்போது மேல்தளத்தில் நின்று பாருங்கள். தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி வழிவிடுவது போல இருக்கும். வெளிக்கடலில் ஆடிக்கொண்டு வந்த கப்பல் ஒரு கட்டத்தில் சட்டென்று ஆட்டத்தை நிறுத்தும். அந்த நிமிடம் நீங்கள் எரிமலையின் வாய்க்குள் நுழைந்திருக்கிறீர்கள்.

விமானமும் உண்டு. ஒசாகாவின் இதாமியிலிருந்தும் இஸுமோவிலிருந்தும் டோகோவுக்குப் பறக்கலாம். டோஸென் தீவுகளில் விமான நிலையம் இல்லை.

குனிகா கடற்கரையைப் பற்றித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே என்ன இருக்கிறது?

நிஷினோஷிமாவின் மேற்குக் கரைதான் குனிகா. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வடமேற்குக் காற்றும் அலையும் அறுத்த பாறைச் சுவர். அதில் உயரமானது மட்டெங்கை, கடலிலிருந்து செங்குத்தாக 257 மீட்டர். மேலே நிற்கும்போது பச்சைப் புல்வெளி தரையாக ஓடிக்கொண்டே போய், திடீரென்று இல்லாமல் போகும். கீழே கடல்.

அந்தப் புல்வெளியில் குதிரைகளும் மாடுகளும் அவிழ்த்துவிட்டபடி மேய்கின்றன. காட்சிக்காகக் கொண்டுவந்து விட்டவை அல்ல. ஓகியில் மண் கொஞ்சம், அதுவும் சரிவு. பழைய நாளில் நிலத்தைக் கற்சுவர்களால் நான்காகப் பிரித்து, ஒரு பகுதியில் மேய்ச்சல், மற்றவற்றில் பார்லி, சோயா, சிறுதானியம் என்று ஆண்டுதோறும் சுற்றிச் சுற்றி மாற்றினார்கள். மகிஹடா என்று அதற்குப் பெயர். சாணம் விழுந்த நிலம் அடுத்த ஆண்டு வயலாகும். விவசாயம் நின்றுபோய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. மேய்ச்சல் மட்டும் தொடர்கிறது. அந்த வாயில்லா ஜீவன்கள் புல்லை மேய்ந்துகொண்டே இருப்பதால்தான் மலை புதர் மண்டாமல் இப்படித் திறந்து கிடக்கிறது.

மட்டெங்கை உச்சியிலிருந்து கீழே குனிகா கரை வரை ஒரு நடைபாதை இறங்குகிறது. இரண்டேகால் கிலோமீட்டர் இருக்கும், நின்று நின்று பார்த்தால் ஒரு மணி நேரம். மேலிருந்து கீழே நடப்பதுதான் புத்திசாலித்தனம். அடிவாரத்தில் ட்சூட்டென்க்யோ நிற்கிறது. கடல் குடைந்து, கூரை மட்டும் வளைவாக மிஞ்சிய பாறை. வானுக்குப் போகும் பாலம் என்று பெயரின் பொருள். பாதையில் சாணம் கிடக்கும், நல்ல செருப்பு அல்லது ஷூ போடுங்கள். பல இடங்களில் கைப்பிடி வேலி கிடையாது. காற்று பலமாக இருந்தால் விளிம்பிலிருந்து தள்ளியே நில்லுங்கள், படம் எடுக்கவும் போகாதீர்கள். குதிரையின் பின்னால் போய் நிற்காதீர்கள்.

இதே கரையைப் படகிலிருந்தும் பார்க்க வேண்டும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை உலாப் படகுகள் போகின்றன. 1915ல் வெட்டிய ஃபுனாபிகி கால்வாய் வழியாக உள்கடலிலிருந்து வெளிக்கடலுக்குப் படகு வெளியேறும். அதற்கு முன் மீனவர்கள் படகைத் தரையில் இழுத்து அந்தப் பக்கம் கொண்டு போவார்கள். கால்வாயின் பெயருக்கே படகை இழுத்தல் என்றுதான் அர்த்தம். அலை தணிந்த நாளில் படகு ஒரு கடற்குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவரும். உள்ளே கும்மிருட்டு. என்னுடன் வந்த குழந்தைகள் அதுவரை பேசிய பேச்சை அங்கே நிறுத்திவிட்டார்கள்.

வேறு எந்தக் கரைகளைப் பார்க்கலாம்?

சிபுரிஜிமாவின் செகிஹெகி. சிவப்புச் சுவர் என்று பொருள். எரிமலையின் குறுக்குவெட்டு அப்படியே கண்முன் நிற்கும்: இரும்பு துருவேறிச் சிவந்த பாறை, நடுவில் வெளிறிய கோடுகள். மாலை வெயில் அதன்மேல் நேராக விழும்போது பாருங்கள். அதே தீவில் அகஹகே மலை உச்சிக்கு ஏறினால், டோஸென் முழுவதும் ஒரு உடைந்த வளையம் என்பது படம் இல்லாமலே புரியும். சிபுரியில் சுமார் 600 பேர்தான். தனுகி என்ற நாய் இனத்துக் காட்டு விலங்கு அவர்களை விட அதிகம் என்கிறார்கள்.

டோகோவில் மெழுகுவத்திப் பாறை. கடலில் தனியே நிற்கும் 20 மீட்டர் உயரத் தூண். சூரியன் மறையும் நேரத்தில் அதன் நுனியில் சுடர் போல வந்து உட்காரும். தானாக உட்காராது. படகோட்டி அலையோடு மல்லுக்கட்டிப் படகை அந்த ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இடப்பக்கம் இருப்பவர்களுக்கு ஒருமுறை, வலப்பக்கம் இருப்பவர்களுக்கு ஒருமுறை என்று திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். படகு போகுமா என்பது அன்றைய அலையைப் பார்த்துத்தான் முடிவாகும். அதனால் முதல் மாலைக்கே பதிவு செய்யுங்கள். தவறினால் மறுநாள் இருக்கும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். என்ன சாப்பிட வேண்டும்?

முதலில் இவாகாகி. பாறைச் சிப்பி. ஓடு உள்ளங்கையை விடப் பெரிதாக இருக்கும். உலகில் பல இடங்களில் சிப்பி குளிர்காலத்து உணவு. ஓகியில் மார்ச் முதல் ஜூன் வரை. பெரிய ஆறு எதுவும் வந்து கலக்காத, வெளிக்கடல் நீர் ஓடிக்கொண்டே இருக்கும் விரிகுடாவில் தொங்கவிட்டு மூன்று ஆண்டு அளவில் வளர்க்கிறார்கள். பச்சையாக, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவார்கள். உப்பு முதலில், பால் போன்ற கொழுமை அடுத்து, கடைசியில் லேசான இனிப்பு. ஒன்று சாப்பிட்டாலே வயிறு நிறைந்தது போல இருக்கும். பச்சையாகச் சாப்பிட மனம் வரவில்லையென்றால் ஆவியில் வேகவைத்துத் தரச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்து சசாயே. சுருள் ஓட்டுக்குள் வாழும் கடல் நத்தை. ஓட்டோடு கனலில் வைத்து, வாயில் சோயா சாஸ் ஊற்றிச் சுடுவார்கள். நுனியில் இருக்கும் கரும்பச்சைக் குடல் பகுதி கசக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். இந்தச் சசாயேயை வைத்து நகானோஷிமாவில் ஒரு கறிச்சோறு உண்டு. ஜப்பானியக் கறிச்சோற்றில் வழக்கமாக இறைச்சி போடுவார்கள். தீவில் இறைச்சி கிடைப்பது அரிது, சசாயே வீட்டு வாசலில் கிடைக்கும். அதனால் வீடுகளில் அதைப் போட்டுச் சமைத்தார்கள். அதில் விசேஷம் ஒன்றும் இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் வியந்த பிறகுதான் அது தீவின் அடையாளமாகி, பொட்டலத்தில் அடைத்து விற்கும் பண்டமாகவும் ஆனது. நம் நாக்குக்குக் காரம் போதாது. ஆனால் நத்தையின் கடிபடும் தன்மையும் கடல் மணமும் குழம்பில் இறங்கியிருப்பது நன்றாகவே இருக்கிறது.

கோடையில் கணவாய். ஷிரோ இகா, வெள்ளைக் கணவாய் என்பார்கள். பிடித்தவுடன் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். நேரம் ஆக ஆகத்தான் வெளுக்கும். கண்ணாடியாக இருக்கும்போது மொறுமொறுவென்று இருக்கும். வெளுத்த பிறகு இனிப்புக் கூடும். எது உயர்ந்தது என்று மீனவர்களே ஒத்துப்போக மாட்டார்கள். நிஷினோஷிமாவில் யுராஹிமே கோயிலுக்கு எதிரே ஒரு சின்னக் கரை இருக்கிறது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் கணவாய்க் கூட்டம் அங்கே தானாகவே கரை ஒதுங்கும், ஆட்கள் கையாலேயே அள்ளுவார்கள். கடல் கடந்து வந்த தேவியின் கையைக் கணவாய் ஒன்று கடித்துவிட்டதாம். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் ஆண்டுதோறும் வருகின்றனவாம்.

குளிர்காலத்தில் அலை மோதும் பாறைகளில் சுரண்டி எடுக்கும் இவானோரி என்ற கடற்பாசி. வழுக்கும் பாறையில், உறையும் காற்றில் நின்று எடுப்பது. அதைச் சோயா தடவிச் சுட்டு, சோற்று உருண்டை முழுவதையும் கறுப்பாகச் சுற்றிவிடுவார்கள். பார்க்க வெடிகுண்டு போல இருப்பதால் பகுடான், அதாவது வெடிகுண்டு உருண்டை என்று பெயர். ஓகி போய் இதைச் சாப்பிடாமல் வராதீர்கள். ஆடம்பரமான எந்தத் தட்டையும் விட, கப்பல் துறையில் நின்றுகொண்டு கடித்த இந்த உருண்டைதான் எனக்கு ஓகியின் ருசி.

நல்ல உணவகங்கள் எங்கே இருக்கின்றன?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓகியில் உணவகங்கள் குறைவு. மதியம் திறப்பவை இன்னும் குறைவு. பிடிக்கும் மீனில் பெரும்பகுதி அக்கரைச் சந்தைக்குப் போய்விடும். தீவுக்காரர்களுக்கு உணவகத்தில் மீன் சாப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வரும்.

எனவே நல்ல மீன் தங்குமிடத்தில்தான். மின்ஷுகு என்ற குடும்ப விடுதிகளில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். சில வீடுகளில் படகு ஓட்டுபவர் கணவர், சமைப்பவர் மனைவி. சாப்பாடு மாலை ஆறு, ஆறரைக்கே வந்துவிடும். எட்டு மணிக்கு வருகிறேன் என்பது அங்கே நடக்காது. பட்டியலும் இருக்காது. காலையில் வலையில் வந்ததுதான் மாலையில் மேசையில். முதல் நாள் பாறை மீன் துண்டுகளும் வறுத்த மீனும் வந்தால், மறுநாள் அவித்த மீனும் கணவாயும் வரலாம். இரண்டு நாள் காற்றடித்திருந்தால் பச்சை மீன் குறைந்து, உலர்த்தியதும் உறையவைத்ததும் வரும். அதற்காக முகம் சுளிக்காதீர்கள். அந்த நாளில் அந்தக் கடலில் போகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பச்சை மீன் பாதுகாப்பானதா?

ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஆமாம். கானாங்கெளுத்தி, கணவாய் போன்றவற்றில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கக்கூடும். அதனால்தான் மீனின் குடலை உடனே எடுப்பதும், சதையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும், கணவாயில் நுணுக்கமாகக் கத்திக்கோடு போடுவதும். மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாள் முழுக்க உறையவைத்தாலும் புழு செத்துவிடும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றில் சுருட்டிப் பிடித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறோ நோய் எதிர்ப்புக் குறைவோ உள்ளவர்களும் பச்சைச் சிப்பியைத் தவிர்த்துவிடுவது நல்லது.

மீன் சாப்பிடாதவர் கூட வருகிறார். சமாளிக்க முடியுமா?

இறைச்சி சாப்பிடுவார் என்றால் கவலையில்லை. ஓகி மாட்டிறைச்சிக்கும் நல்ல பெயர் உண்டு. சைவம் என்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கஷ்டம். மீன் துண்டு இல்லாவிட்டாலும் குழம்பு, சூப், வேகவைத்த காய் எல்லாவற்றிலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும். இந்தப் பக்கத்தில் அகோ எனப்படும் பறவைக்கோலா மீனில்தான் அதை எடுப்பது வழக்கம். ஓகி ஸோபா நூடுல்ஸின் சாறும் சுட்ட கானாங்கெளுத்தியில் எடுத்தது. சமையலறை உள்ள வாடகை வீட்டில் தங்கி, டோகோவின் சாய்கோ ஊர்க் கடைகளில் அரிசி, தோஃபு, காய்கறி வாங்கிச் சமைப்பதுதான் வழி. மின்ஷுகுவில் தங்கினால் பதிவு செய்யும்போதே எழுதிச் சொல்லுங்கள். அன்று மாலை வந்து சொன்னால், ஏற்கெனவே சமைத்துவிட்ட அந்த அம்மாவுக்குத்தான் சங்கடம்.

கடலில் இறங்கி நாமே சிப்பி, நத்தை எடுக்கலாமா?

கூடாது. நீந்தலாம், முகமூடி போட்டுப் பார்க்கலாம், தூண்டில் போடலாம். சசாயே, சிப்பி, கடற்பாசி எல்லாம் அந்தந்தக் கரை மீனவர் கூட்டுறவின் உரிமை. அவாபி என்ற விலையுயர்ந்த ஓட்டுயிரியையோ கடல் அட்டையையோ திருட்டுத்தனமாக எடுத்தால் 2020 டிசம்பர் முதல் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது மூன்று கோடி யென் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், அது அந்தக் கரையில் இருப்பவர்களின் சோறு.

எந்த மாதம் நல்லது?

மே கடைசியும் ஜூன் முதல் பாதியும். சிப்பி இன்னும் இருக்கும், புல் பச்சையாக இருக்கும், கடல் பெரும்பாலும் அமைதி. ஜூன் நடுவிலிருந்து மழை கூடும். ஜூலை கடைசியும் ஆகஸ்டும் நீந்தவும் கணவாய்க்கும் ஏற்ற நேரம், ஆனால் ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விடுமுறைக்கு ஊர்க்காரர்கள் திரும்பி வருவதால் கப்பலிலும் விடுதியிலும் இடம் கிடைக்காது. செப்டம்பரில் புயல் வரலாம். அக்டோபர் அருமை. நவம்பரிலிருந்து வடமேற்குக் காற்று தொடங்கும். குளிர்காலத்தில் நண்டு நன்றாக இருக்கும், கப்பல்தான் நிச்சயமில்லை.

மார்ச் கடைசியில் போனால் ஒன்றைப் பார்ப்பீர்கள். மாற்றலாகிப் போகும் ஆசிரியர்களும் பள்ளி முடித்த பிள்ளைகளும் கப்பலில் நிற்க, கரையில் ஊரே நிற்கும். இருவருக்கும் இடையே வண்ணக் காகித நாடாக்கள். கப்பல் நகர நகர நாடா அவிழ்ந்து நீண்டு, கடைசியில் அறும். ஒதுங்கி நின்று பாருங்கள்.

பேரரசரை நாடு கடத்தினார்கள் என்கிறார்களே, அது இந்தத் தீவுதானா?

ஆமாம். 1221ல் காமகுரா ராணுவ அரசை எதிர்த்துத் தோற்ற முன்னாள் பேரரசர் கோதோபாவை நகானோஷிமாவுக்கு அனுப்பினார்கள். 1239ல் அங்கேயே இறந்தார். அவர் கவிஞரும்கூட. நான்தான் இந்தத் தீவின் புதிய காவலன், ஓகிக் கடலின் முரட்டுக் காற்றே, பார்த்து வீசு என்று பாடியது இன்றும் தீவில் எல்லோருக்கும் தெரியும். அவருக்காக எழுப்பிய ஓகி கோயில் 1939ல் கட்டியது. டோகோவின் காளைச் சண்டையும் அவரை மகிழ்விக்கத் தொடங்கியது என்பது ஊர் வழக்கு. காளையும் காளையும் மோதும், மனிதர் கயிற்றைப் பிடித்து நிற்பார்கள். 1332ல் இன்னொரு பேரரசர் கோதைகோவும் ஓகிக்கு வந்தார். அவர் மறு ஆண்டே தப்பிவிட்டார். அவர் இருந்த இடம் எங்கள் ஊர்தான் என்று நிஷினோஷிமாவும் டோகோவும் இன்னும் வாதாடுகின்றன.

தீவுக்குள் எப்படிச் சுற்றுவது? பணம்?

வாடகைக் கார். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது மட்டுமே ஜப்பானில் செல்லும். காரைக் கப்பலில் ஏற்றுவதை விட ஒவ்வொரு தீவிலும் தனித்தனியே எடுப்பது மலிவு. கார்கள் எண்ணிக்கை குறைவு, முதலில் காரைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் அறையைத் தேடுங்கள். நகானோஷிமாவுக்கு மின்சார சைக்கிளே போதும். பேருந்து உண்டு, ஆனால் நாளுக்குச் சில தடவைதான். கையில் யென் ரொக்கமாக வைத்திருங்கள். சிபுரியில் கார்டை நம்பிப் போகாதீர்கள்.

என்ன வாங்கி வரலாம்?

உலர்ந்த அராமே கடற்பாசி, சசாயே கறிப் பொட்டலம், நகானோஷிமாவின் ஃபுகுகி டீ. கடைசியாகச் சொன்னது தேயிலை அல்ல, மலையில் வளரும் ஒரு செடியின் குச்சிகளைக் கொதிக்கவைப்பது. மணம் பிடித்தால் இரண்டு பொட்டலம் வாங்குங்கள், ஊருக்கு வந்த பிறகு கிடைக்காது.

கப்பல் ரத்தாகித் தீவிலேயே மாட்டிக்கொண்டால்?

"கெக்கோ" என்ற ஒரு சொல்லை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இன்று கப்பல் இல்லை என்று அர்த்தம். காலையில் துறைமுக அறிவிப்பில் அது வந்துவிட்டால் வாதாடிப் பயன் இல்லை. உடனே விடுதிக்காரரிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பழக்கம். இன்னொரு இரவுக்கு இடம் தருவார்கள், இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் கேட்டு ஏற்பாடு செய்வார்கள். பயணச்சீட்டுப் பணம் திரும்பக் கிடைக்கும். விமானத்தைத் தவறவிட்டால் கிடைக்காது, ஆகவே ஓகியிலிருந்து கரைக்கு வரும் நாளுக்கும் தாயகத்துக்குப் பறக்கும் நாளுக்கும் இடையே ஒரு முழு நாளாவது விடுங்கள். ஒருமுறை நான் அப்படி விடாமல் போய், கடைசி இரவு முழுக்க ஜன்னலில் காற்று அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். விடியற்காலையில் காற்று விழுந்தது. ஆறு மணிக்கு முன்பே துறையில் கணவாய்ப் படகுகளின் என்ஜின் சத்தம் கேட்டது. விடுதி அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, இன்று கப்பல் வரும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்.